நான்காம் இலக்கத்துப் பால்

காலை எட்டரை மணிக்கு ஒரு மனிதர் நீல நிறப் பெட்டியோடு எங்கள் ஆய்வுகூடத்துக்கு வருவார். நான் வெள்ளை அங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு போய், பெட்டியைத் திறந்து, குப்பிகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து, அவர் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடுவேன். ‘தக்’ என்று நான் நன்றி சொல்வேன். அவரும் ‘தக்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். குப்பிகளில் இருப்பது தாய்ப்பால். இதை ஊரிலிருக்கும் என் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது, “கையெழுத்துப் போட்டாடி பால் வாங்குறீங்க? அந்த ஊருல அவ்வளவு பஞ்சமா?” என்று கேட்டார். அவரைச் சமாதானப்படுத்த எனக்கு ஒரு முழுத் தொலைபேசி அட்டை செலவானது.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்காக என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் லுணுகலையிலிருந்து மேலே ஏறும் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் ஆறாம் நம்பரில் பிறந்தவள் நான். பதுளையில் உயர்தரம் வரை விஞ்ஞானம் படித்தேன். தொண்ணூறுகளின் கடைசியில் கல்யாணமாகி வட நோர்வேயின் இந்தத் துறைமுகப் பட்டினத்துக்கு வந்தேன். நான்கு வருடம் முதியோர் இல்லத்தில் தரை துடைத்தேன், இரண்டு வருடம் படித்தேன், பிறகுதான் இந்த வெள்ளை அங்கி கிடைத்தது. அதுவும் ஆறு மாதத் தகுதிகாண் காலத்துக்கு மட்டும். என் வீட்டுக்காரர் வேலை செய்யும் மீன் தொழிற்சாலையில் ஆட்குறைப்புப் பற்றிய பேச்சு ஆரம்பித்திருந்தது. இருவரில் ஒருவராவது நிரந்தர வேலையில் இல்லாவிட்டால் இந்த நாட்டில் காலூன்றி நிற்க முடியாது. ஆகவே அந்த ஆறு மாதமும் நான் நடந்த நடையைப் பார்த்தால் தரையில் முட்டை பரப்பியிருந்தது என்று நினைத்திருப்பீர்கள்.

வேலையில் சேர்ந்த அன்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். பால் தருகிறவர்கள் ஏழு பேர். அவர்களுக்குப் பெயர் இல்லை, ஒன்று முதல் ஏழு வரை இலக்கம்தான். அவர்கள் யார் என்று அறிய முயல மாட்டேன், தற்செயலாக அறிய நேர்ந்தாலும் அதைப் பற்றி அவர்களிடம் பேச மாட்டேன் என்று அந்தத் தாள் சொன்னது. தாராளமாகக் கையெழுத்துப் போட்டேன். முகம் தெரியாத ஏழு வெள்ளைக்காரத் தாய்மாரிடம் எனக்குப் பேச என்ன இருக்கிறது?

எதற்காக இந்தப் பால் என்பதை ஹெல்கே எனக்கு முதல் கிழமையே விளக்கினார். ஹெல்கே எங்கள் பேராசிரியர். இந்த நாட்டில் எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். தோட்டத் துரையை நிமிர்ந்து பார்த்தாலே கங்காணி அதட்டுகிற இடத்தில் வளர்ந்தவளுக்குப் பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வருமா? முதல் இரண்டு மாதமும் அவர் திரும்பிப் பார்க்கும் வரைக்கும் பின்னால் நின்று இருமிக்கொண்டிருந்தேன். எனக்குக் காசநோய்ப் பரிசோதனை செய்தாகிவிட்டதா என்று அவர் அலுவலகத்தில் விசாரித்ததாகப் பிறகு தெரிந்தது.

அவர் விளக்கியது இதுதான். புரதத்தின் சின்னத் துண்டுக்குப் பெப்டைட் என்று பெயர். மனிதர், மாடு, பன்றி என்று பால் கொடுத்துக் குட்டி வளர்க்கும் எந்த உயிரானாலும், தோல், நாக்கு, மூச்சுக்குழாய், குடல், கண் என்று வெளியுலகம் வந்து முட்டும் இடத்திலெல்லாம் கிருமியைக் கொல்லும் பெப்டைட்டுகளை உடம்பே தயாரித்து வைத்திருக்கிறது. டிஃபென்சின் என்று ஒரு குடும்பம், கேத்தலிசிடின் என்று இன்னொரு குடும்பம். ஒவ்வொன்றும் முப்பது நாற்பது மணி கோத்த மாலை அளவுதான். அதற்கு நேர்மின்னேற்றம், பக்டீரியாவின் தோலுக்கு எதிர்மின்னேற்றம். தலை வாரிய சீப்பில் கடதாசித் துண்டு ஒட்டுகிற மாதிரிப் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியவை கூட்டாகச் சேர்ந்து தோலைத் துளைத்துவிட, பக்டீரியாவின் உள்ளே இருப்பதெல்லாம் ஒழுகி அது செத்துப்போகும். நம்முடைய உயிரணுக்களின் வெளிப்பக்கத்தில் அப்படிப்பட்ட மின்னேற்றம் இல்லாததால் நமக்குச் சேதம் குறைவு. தடுப்பூசியால் வருகிற எதிர்ப்பு வேறு வகை. அந்தப் படை எதிரியை ஒரு தடவை பார்த்து, அடையாளத்தை எழுதி வைத்து, பிறகுதான் ஆளனுப்பும். அதற்குள் ஒரு கிழமை போய்விடும். பெப்டைட் பேர் ஊர் விசாரிக்காது. வந்தவனை வாசலிலேயே அடிக்கும்.

தாய்ப்பாலிலும் இவை இருக்கின்றன. அதிலுள்ள லாக்டோஃபெரின் என்ற பெரிய புரதத்தைக் குழந்தையின் வயிறு வெட்டித் துண்டாக்கும்போது, முழுப் புரதத்தைவிடத் துண்டு இன்னும் மூர்க்கமாகக் கிருமியைக் கொல்கிறது. இந்த இடத்தில் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இது எங்கள் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்று சொல்ல நினைத்தேன். இரண்டு வருடம் படித்திருந்தும், பேராசிரியர் முன்னால் என் வாயில் வந்த நோர்வே மொழி ஒரு கைப்பிடிதான். என் கண்ணைத் தொட்டுக் காட்டி, “பால், கண், எங்கள் ஊர், நிறைய” என்றேன். ஹெல்கே மிகுந்த அக்கறையோடு தலையாட்டினார். மறுநாள் காலை என் மேசையில் புத்தம் புதிய பாதுகாப்புக் கண்ணாடி ஒன்று இருந்தது. பால் கண்ணில் தெறித்துவிடும் என்று நான் பயப்படுவதாக அவர் விளங்கிக்கொண்டார். ஐந்து மாதம் அதை மாட்டிக்கொண்டுதான் வேலை செய்தேன். மற்றவர்கள் யாரும் மாட்டுவதில்லை.

வேலை எனக்குப் பிடித்திருந்தது. தட்டில் பக்டீரியாவைப் படர விட்டு, பாலிலிருந்து பிரித்தெடுத்ததைச் சின்னச் சின்னக் குழிகளில் விடுவேன். மறுநாள் குழியைச் சுற்றி எதுவும் வளராத தெளிந்த வட்டம் இருக்கும். வட்டத்தை அளந்து எழுதுவேன். பெரிய வட்டம் என்றால் வீரியமான பால். ஏழு பேரில் நான்காம் இலக்கத்தின் வட்டம் எப்போதும் பெரியது. ஹெல்கே காலையில் வந்ததும் முதலில் அதைத்தான் கேட்பார்.

அவருக்கு அன்று நான் சொல்ல முடியாமல் போனதை உங்களுக்குச் சொல்கிறேன். தோட்டத்தில் கண்ணுவலி வந்தால் ஒரு லயத்தோடு நிற்காது, எல்லா லயத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போகும். தாய்மார் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவில், பத்து மணிக்குப் பால் கொடுக்கும் நேரம். மலையிலிருந்து தாய்மார் இறங்கி வருவார்கள். குழந்தைகள் குடித்து முடித்ததும் அடுத்த வரிசை தொடங்கும். அது கண்ணுவலிக்காரர் வரிசை. சிவந்த கண்ணும் ஒட்டிய இமையுமாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகள், தேயிலைத் தொழிற்சாலை ஆட்கள், ஒரு தடவை காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டில் பேர் கூப்பிடுகிற கங்காணியே கூட. ஆண்கள் வெளியே சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், அவர்களுக்குப் பிள்ளை பார்க்கும் ஆயாம்மா கரண்டியில் வாங்கிக்கொண்டு போய்ச் சொட்டு விடுவார். எங்களைப் போன்ற சின்னவர்களுக்குக் கரண்டி கிடையாது, நேரடி விநியோகம்தான்.

அதில் பேர்போனவர் என் சித்தி பாக்கியம். மூன்றாவது பிள்ளை பெற்றிருந்த வருடம் அவருக்குப் பால் அமோகம், குறி அதைவிட அமோகம். இரண்டு முழத் தூரத்திலிருந்து பிசகாமல் கண்ணுக்குள் பீய்ச்சுவார். “அசையாத. அசைஞ்சா மூக்குல போயிரும். அப்புறம் மூக்குதான் நல்லாப் பாக்கும்” என்பார். இதற்குக் கூலி எதுவும் இல்லை. ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. யாருடைய பால் உன் கண்ணில் விழுந்ததோ அவரை அந்தக் கண்ணால் முறைத்துப் பார்க்கக்கூடாது. இந்தச் சட்டத்தைச் சித்தி தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் நன்றாகப் பயன்படுத்தினார். தண்ணீர்ச் சண்டை முற்றும்போது, “நான் பால் ஊத்துன கண்ணால என்னையவே மொறைக்கிறியா?” என்று ஒரு வார்த்தைதான் கேட்பார். எதிராளி குடத்தை எடுத்துக்கொண்டு பின்னால் போய்விடுவார். அந்த வருடம் முழுக்கச் சித்தி வரிசையில் நின்று தண்ணீர் பிடித்ததாக எனக்கு நினைவில்லை.

தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயாவுக்கு இது கட்டோடு பிடிக்காது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், தனி ஆள். வெள்ளைக் காற்சட்டை கசங்காமல் பிள்ளைக் காம்பரா வாசலில் வந்து நிற்பார்.

“இதென்ன கூத்து, பிள்ளை? பால் குடிக்கிறதுக்கு. கண்ணுக்குள்ள விடுறதுக்கு இல்லை. ஒருத்தற்ற வருத்தத்தை ஊருக்கே பங்கு போட்டுக் குடுக்கிறியள். தண்ணியைக் கொதிக்க வைச்சு ஆறவிட்டுக் கழுவுங்கோ, காணும்.”

“களிம்பு குடுங்க ஐயா. அப்புறம் நாங்க ஏன் இங்க வந்து நிக்கிறோம்?” என்பார் சித்தி.

“களிம்பு பதுளையிலயிருந்து வரவேணும்.”

“எப்ப வருங்க?”

“றோட்டு சரிஞ்சு கிடக்குது” என்பார் அவர், குரல் இறங்கிவிடும். வரிசையில் நிற்பவர்கள் வலிக்கிற கண்ணோடு சிரிப்பார்கள்.

ஒரு மழைக்காலத்தில் மூன்று நாள் டிஸ்பென்சரி திறக்கவில்லை. நான்காம் நாள், பத்து மணி வரிசை கலைந்த பிறகு, டிஸ்பென்சரிப் பியோன் தயங்கித் தயங்கி வந்தார். கையில் கழுவித் துடைத்த ஒரு சின்ன மருந்துப் போத்தல்.

“யாருக்கு?” என்று சித்தி கேட்டார்.

“தெரியாதுங்க. ஐயா ஏதோ ஆராய்ச்சிக்குன்னு சொன்னாரு.”

“ஆராய்ச்சிக்கு எந்தக் கண்ணு? வலதா, எடதா?”

பியோன் சற்று யோசித்து, “ரெண்டும்” என்றார். சித்தி சிரிக்காமல் போத்தலை நிறைத்துக் கொடுத்தார். அதன் பிறகு டிஸ்பென்சர் ஐயா வாசலில் வந்து நின்றாலும் சித்தி பக்கம் மட்டும் பார்க்காமல் கூரையைப் பார்த்தபடிதான் கண்டிப்பார்.

இப்போது மறுபடி நோர்வே. தகுதிகாண் காலம் முடிய ஒன்றரைக் கிழமை இருக்கும்போது, ஒரு புதன்கிழமை காலையில் என் இடது கண் திறக்கவில்லை. சிவந்து வீங்கி, இமை ஒட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, “வைரஸ். ஐந்தாறு நாளில் போய்விடும். அதுவரை வேலைக்குப் போகாதே. கொதித்து ஆறிய தண்ணீரால் கழுவு” என்றார். மருந்து எதுவும் இல்லையா என்றேன். தேவையில்லை என்றார். இந்த நாட்டில் டாக்டரிடம் போய் மருந்தோடு திரும்பிய தமிழர் ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. கொதித்து ஆறிய தண்ணீரைப் பற்றிக் கேட்க இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டியதில்லை, அதை லுணுகலையிலேயே இலவசமாகச் சொன்னார்கள். எனக்குப் பயம் வந்துவிட்டது. கடைசி நாட்களில் கண்ணை மூடிக்கொண்டு வீட்டில் கிடந்தால் என்னை யார் நிரந்தரமாக்குவார்கள்?

“பால் விட்டா ரெண்டு நாள்ல போயிரும்” என்றேன் என் வீட்டுக்காரரிடம்.

“எங்க போயி வாங்குவ? இங்க கடையில மாட்டுப் பால் இருக்கு, ஆட்டுப் பால் இருக்கு, சோயாப் பால் கூட இருக்கு. இது மட்டும் இல்ல.”

“கீழ் வீட்டுல இருக்கு.”

“வேணாம்மா. பொலிசுக்குப் போனாலும் போயிருவாங்க” என்று சொல்லிவிட்டு அவர் வேலைக்குப் புறப்பட்டார்.

கீழ் வீட்டில் இருந்தவள் மரீத். எட்டு மாதக் குழந்தை, பெயர் யூனாஸ். படியில் சந்தித்தால் சிரிப்போம், பனி அதிகம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம். அவளிடம் பால் இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். என் வீட்டுக்காரருக்குத் தெரியாத இன்னொன்று எனக்குத் தெரியும். ஒரு நாள் காலை படியிறங்கும்போது அவள் கதவோரம் ஒரு சின்ன நீலப் பை இருந்தது. வெறும் பைகளில் இலக்கம் ஒட்டித் திருப்பி அனுப்புவது என் வேலை; அதில் ஒட்டியிருந்த துண்டில் 4 என்று, என் கையெழுத்திலேயே எழுதியிருந்தது. நானாக அறிய முயலவில்லை, இலக்கமே என் காலடியில் வந்து நின்றது. இரண்டு மாதம் வாயைத் திறக்காமல்தான் இருந்தேன்.

ஒரு கரண்டியோடு கீழே போய்க் கதவைத் தட்டினேன். மரீத் குழந்தையைத் தோளில் போட்டபடி திறந்தாள். கொஞ்சம் பால் வேண்டும் என்றேன். உள்ளே போய் ஒரு லீற்றர் பால் பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினாள். “இது இல்லை. உன்னுடையது” என்றேன். “இது என்னுடையதுதான், நேற்று வாங்கினேன்” என்றாள் அவள். நான் கரண்டியால் குழந்தையைக் காட்டினேன், பிறகு அவளைக் காட்டினேன், பிறகு என் கண்ணைக் காட்டினேன். மரீத்தின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. ஊரில் யாரிடமாவது ஒன்று கேட்கப் போனால் முதலில் அவர்களைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்வோம் அல்லவா? அந்தப் பழக்கத்தில், “உன் பால் மிக நல்ல பால். நான்காம் இலக்கம். ஏழு பேரில் உன் வட்டம்தான் பெரியது. நான்தான் அளக்கிறேன்” என்று சொல்லிவிட்டேன். ஆறு மாதத்தில் நான் பிழையில்லாமல் பேசிய முதல் நோர்வே வாக்கியங்கள் அவையாகத்தான் இருக்கும்.

“கொஞ்சம் பொறு” என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். நான் கரண்டியோடு நின்றேன். அந்த நேரத்தில்தான் எனக்கு டிஸ்பென்சர் ஐயாவின் ஞாபகம் வந்தது. போரால் யாழ்ப்பாணத்துக்குப் போய்வரப் பாதை இல்லாத காலம் அது. கண்ணை மூடிக்கொண்டு மூன்று நாள் அந்த அறைக்குள் கிடந்தவருக்கு, உரிமையோடு போய்க் கேட்க அக்கா தங்கை யாரும் அந்த மலையில் இல்லை. ஒரு போத்தலைக் கழுவித் துடைத்து, ஆராய்ச்சி என்று ஒரு பொய்யும் சேர்த்து அனுப்ப அவருக்கு எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும். இத்தனை வருடம் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவள் நான். அன்று கதவுக்கு வெளியே நின்றபடி அவருக்காக மனம் நொந்தேன்.

கதவு திறந்தது. அவித்த முட்டையை நிறுத்தி வைக்கும் சின்னக் கிண்ணத்தில் பால் இருந்தது, மேலே ஒரு தட்டு மூடியிருந்தது. “எத்தனை சொட்டு?” என்று மரீத் கேட்டாள். நோர்வேக்காரர்கள் ஒன்றைச் செய்வதென்று தீர்மானித்துவிட்டால் பிறகு அளவுதான் கேட்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கண் வெளுத்துவிட்டது. திங்கட்கிழமை பெருமையோடு வேலைக்குப் போனேன். ஹெல்கே தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் நான் கையெழுத்திட்ட தாள் இருந்தது. வெள்ளிக்கிழமை நான்காம் இலக்கம் தொலைபேசியில் அழைத்து, கண்ணுக்கு விடும் பாலை எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை புதிதாக எடுக்க வேண்டும் என்று விசாரித்திருக்கிறாள். பைக்கு மேல் ஒட்டியிருந்தது ஆய்வுகூடத்தின் தொலைபேசி எண் ஒன்றுதான், பாவம் அவள் வேறு யாரிடம் கேட்பாள்?

“அவளுடைய இலக்கத்தை அவளிடம் சொன்னாயா?”

“சொன்னேன்.”

“வட்டத்தின் அளவையும்?”

“பெரியது என்று மட்டும்தான்.”

“ஏன் சொன்னாய்?”

“கேட்கப் போகும்போது ஒரு நல்ல வார்த்தை சொல்லாமல் எப்படிக் கேட்பது?”

அவர் நெற்றியைத் தேய்த்தார். பிறகு அடக்க முடியாமல், எதற்காகக் கண்ணில் என்று கேட்டார். இந்தத் தடவை எனக்கு வார்த்தைகள் இருந்தன. பிள்ளைக் காம்பரா, பத்து மணி வரிசை, சித்தியின் குறி எல்லாவற்றையும் சொன்னேன். மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் விஞ்ஞானியாகிவிட்டார். வரிசையில் நின்றவர்களில் பால் விடாமல் அனுப்பப்பட்டவர்கள் யாராவது உண்டா, அவர்களுக்கு எத்தனை நாளில் குணமானது? அப்படி யாரையும் சித்தி வெறுங்கண்ணோடு அனுப்பியதில்லை என்றேன். “அப்படியானால் நமக்கு ஒன்றும் தெரியாது” என்றார். “லாக்டோஃபெரினை வெட்டித் துண்டாக்க வயிறு வேண்டும், கண்ணில் வயிறு இல்லை. டிஃபென்சின் உப்பு கூடினால் சோர்ந்துவிடும், கண்ணீரோ உப்பு. உனக்கு வந்தது வைரஸ், தானாகவே போயிருக்கும். இல்லை, பாலும் ஏதோ செய்திருக்கும். ஒரு கண்ணை வைத்து என்ன சொல்வது?” அதோடு பேச்சு முடிந்து அவர் முகம் மாறியது.

அவர் சொன்னது தெளிவாக இருந்தது. நான்காம் இலக்கம் இருக்கும்வரை என்னைப் பால் அறைக்குள் விட முடியாது. பால் அறை இல்லாமல் எனக்கு அங்கே வேறு வேலை இல்லை. அவளை விலகச் சொல்ல ஹெல்கேவுக்கு உரிமை கிடையாது. நான் அவளிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாலும் அன்றோடு என் கதை முடிந்தது. வெள்ளிக்கிழமை தகுதிகாண் காலம் முடிகிறது. அதுவரை தட்டுக் கழுவு.

தட்டுக் கழுவினேன். முதலில் கோபம்தான் வந்தது. யாருடைய பால் என்று தெரியாமலிருப்பதை மரியாதை என்கிறார்கள், தெரிந்திருப்பதைத்தான் நாங்கள் மரியாதை என்றோம். இரண்டாம் நாள் வேறொன்று தோன்றியது. சித்திக்கும் அலுத்துப்போன நாட்கள் இருந்திருக்கும். மார்பு புண்ணாகி, தன் பிள்ளைக்கே போதாமல் இருந்த நாள் இருந்திருக்கும். வரிசையில் கங்காணி நிற்கும்போது, இன்றைக்கு இல்லை என்று அவரால் சொல்லியிருக்க முடியுமா? கரண்டியோடு வாசலில் போய் நின்ற என்னிடம் மரீத் எப்படி முடியாது என்பாள்? அந்தத் தாள் அப்படிப்பட்டவர்களுக்காக எழுதப்பட்டது. இதை நினைக்கப் பிடிக்கவில்லை, நினைக்காமலும் இருக்க முடியவில்லை. மரீத்தைப் படியில் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு இரண்டு இரண்டு படியாக ஏறினேன். “கண் எப்படி?” என்று அவள் கேட்டதற்கு, “நல்லது” என்று சுவரிடம் பதில் சொன்னேன்.

வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. மரீத், தோளில் யூனாஸ். குழந்தையின் வலது கண் செக்கச் சிவந்திருந்தது.

“உன் கண் கீழே வந்துவிட்டது” என்றாள்.

டிஸ்பென்சர் ஐயா சொன்னபடியே என் வருத்தத்தைப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டேன். அவள் உள்ளே வந்து சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னாள். வீட்டில் யாருக்காவது தொற்று வந்தால் பால் அனுப்பக்கூடாது என்பது விதி, அதனால் காலையிலேயே ஆய்வுகூடத்துக்கு அறிவித்திருக்கிறாள். இரண்டு கிழமை நிறுத்தி வைக்கலாம் என்று சொன்ன ஹெல்கே, அவளுடைய உரிமைகளையும் வாசித்துக் காட்டியிருக்கிறார். அவளுடைய இலக்கத்தை அறிந்த ஊழியர் ஒருவர் இருக்கிறார். அவள் முறைப்பாடு செய்யலாம், ஒன்றும் செய்யாமல் தொடரலாம், அல்லது விலகலாம். தொடர்ந்தால் அந்த ஊழியருக்கு என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறாள். அவர் உரிமைகளை மறுபடியும் முதலிலிருந்து வாசித்திருக்கிறார். அதுவே போதுமாக இருந்திருக்கிறது.

“விலகிவிட்டேன்” என்றாள்.

“உன்னுடையதுதான் பெரிய வட்டம்” என்றேன். வாய் கேட்டால்தானே.

“அங்கே இன்னும் ஆறு பேர் இருக்கிறார்கள். மேல் வீட்டில் நீ ஒருத்திதான்.”

நான் அழுதுவிட்டேன். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து என்னை யாரும் அப்படிக் கணக்கில் எடுத்ததில்லை. மறுநாள் பதிவேட்டில் நான்காம் இலக்கத்தின் மேல் குறுக்கே கோடு போட்டது நான்தான். பக்கத்தில் நின்ற ஹெல்கே பெரிய வட்டத்தை நினைத்துப் பெருமூச்சு விட்டார், பிறகு என் நிரந்தர நியமனத் தாளில் கையெழுத்துப் போட்டார். ‘தக், ஹெல்கே’ என்றேன், இருமாமல்.

ஆனால் அந்த வியாழக்கிழமை மாலை அதோடு முடியவில்லை. மரீத் வெறுங்கையோடு வரவில்லை. கம்பளிச் சட்டைப் பையிலிருந்து அதே முட்டைக் கிண்ணத்தை எடுத்து மேசையில் வைத்தாள். நான் அதற்குள் தண்ணீர்க் கெண்டியை அடுப்பில் போட்டிருந்தேன்.

“எத்தனை சொட்டு?” என்றாள்.

“பால் குடிப்பதற்கு” என்றது என் வாய். “கண்ணுக்குக் கொதித்து ஆறிய தண்ணீர் போதும்.”

“உனக்குக் குணமானதே.”

“ஐந்து நாளில் எப்படியும் குணமாகியிருக்கும்.”

“அதை யார் பார்த்தது?”

ஹெல்கே கேட்டதுதான் நினைவுக்கு வந்தது. ஒரு கண்ணை வைத்து என்ன சொல்வது? தண்ணீர் கொதித்து, சன்னலோரத்தில் பனிக்காற்றில் கோப்பை ஆறும்வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். யூனாஸ் சிவந்த கண்ணால் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு மரீத் கரண்டியைப் பாலில் தோய்த்து எடுத்து, “தலையைப் பிடி, அசையப்போகிறான்” என்றாள். இடது கையால் குழந்தையின் தலையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தேன். வலது கையிலிருந்த தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைக்காமல் நின்றேன்.